காணாமற்போன ஜாக்கி

பழைய பிக்அப் வண்டியை விலைக்கு வாங்குகிறவர் எஞ்சின் ஓசையைக் கேட்பார்; பிரேக்கை மிதித்துப் பார்ப்பார்; அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்தும் பார்ப்பார். இருக்கைக்குப் பின்புறம் கையை விட்டு ஜாக்கி இருக்கிறதா என்று பார்ப்பவர் சிலரே. வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அதனுடன் ஒரு ஜாக்கியும், அதைச் சுற்றுவதற்கான இரும்புக் கழிகளும், சக்கர நட்டுகளைக் கழற்றும் ஸ்பானரும் இருந்தன. முப்பது நாற்பது ஆண்டுகளில் வண்டி பல கைகள் மாறிவிடுகிறது. ஒருவர் ஜாக்கியை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க மறந்திருப்பார். இன்னொருவர் ஸ்பானரைச் சாலையோரத்திலேயே விட்டு வந்திருப்பார். டயரில் காற்று இறங்கும் நாளில்தான் இந்த இழப்பு தெரியவரும்.

“கடையில் ஒரு ஜாக்கி வாங்கி வைத்தால் போயிற்று” என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒன்றே முக்கால் டன் எடையுள்ள வண்டியின் ஒரு மூலையை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்தும் வேலை அது. பொருந்தாத ஜாக்கி சரிந்து, வண்டிக்கு அடியில் இருந்தவர் உயிரிழந்த நிகழ்ச்சிகள் உண்டு. தொழிற்சாலை கொடுத்த கருவிகள் ஏன் அந்த உருவத்தில் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவற்றுக்குச் சரியான மாற்றினைத் தேட முடியும். அதற்கு அவற்றின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

குதிரை வண்டிக் காலம்

ஜாக்கி மோட்டார் வண்டியுடன் பிறந்தது அன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில், கைப்பிடியைச் சுழற்றினால் பற்சக்கரங்கள் உருண்டு, பற்கள் வெட்டிய ஒரு சட்டத்தை மேலே தள்ளும் தூக்கியின் படம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியில் சரக்கு ஏற்றிச் சென்ற கானெஸ்டோகா வண்டிகளில் இதே வகைத் தூக்கி இடம்பெற்றிருந்தது. கனத்த மரக்கட்டைக்குள் இரும்புப் பற்சட்டம், பக்கத்தில் கைப்பிடி, ஏறிய பளு திரும்ப இறங்கிவிடாதபடி பற்களில் விழுந்து தடுக்கும் சிறு கொக்கி.

அந்த வண்டிகளுக்கு மரச் சக்கரங்கள். காற்றடைத்த டயர் கிடையாது. பிறகு ஜாக்கி எதற்கு? சக்கரம் சுழலும் இருசுக்கு அடிக்கடி மசகு இட வேண்டியிருந்தது. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினால்தான் அது முடியும். வண்டிக்காரர்கள் தங்கள் ஜாக்கியின் மீது பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்து வைத்தார்கள். இரவல் போன ஜாக்கி திரும்பி வராத தொல்லை அன்றும் இருந்திருக்கும் போலும்!

‘ஜாக்’ என்பது ஆங்கிலத்தில் எடுபிடி வேலை செய்யும் பையனைக் குறிக்க வழங்கிய பொதுப்பெயர். ஆளுக்குப் பதிலாக நின்று வேலை செய்யும் பல கருவிகளுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டுப் பட்டறைகளில் அது ‘ஜாக்கி’ ஆயிற்று.

திருகும் உராய்வும்

பற்சட்டத்தைவிட எளிய அமைப்பு திருகு. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற அறிஞர், பளுவைத் தூக்க உதவும் ஐந்து எளிய எந்திரங்களை விளக்கி எழுதினார். அச்சும் சக்கரமும், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு என்பவையே அவை.

திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளமே. மாணவர்கள் இதனை எளிதில் செய்து பார்க்கலாம். செங்கோண முக்கோண வடிவில் ஒரு தாளை வெட்டி, அதைப் பென்சில் மீது சுற்றுங்கள். தாளின் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றி மேலேறும் புரியாகத் தோன்றும். நீண்ட சரிவில் பளுவை உருட்டி ஏற்றுவது எப்படி எளிதோ, அப்படியே திருகின் வழியாகவும் சிறு விசையால் பெரும் பளுவைத் தூக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருகு ஜாக்கியின் புரியிடைத் தூரம் 6 மில்லிமீட்டர் என்றும், அதைச் சுழற்றும் கைப்பிடியின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். கைப்பிடி ஒரு முறை சுற்றி வரும்போது கை நகரும் தொலைவு ஏறத்தாழ 1885 மில்லிமீட்டர். பளு உயர்வதோ 6 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே திசைவேக விகிதம் சுமார் 314. சக்கரத்தில் அமரும் பளு 600 கிலோ என்றால், உராய்வே இல்லாத ஜாக்கியில் இரண்டு கிலோவுக்கும் குறைவான விசை போதும். சக்கரத்தை 15 சென்டிமீட்டர் உயர்த்த 25 சுற்றுகள்.

நடைமுறையில் இவ்வளவு எளிதாக இராது. புரிகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. இத்தகைய ஜாக்கியின் பயனுறுதிறன் சுமார் 30 விழுக்காடுதான். நாம் செய்யும் வேலையில் பத்தில் ஏழு பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. இரண்டு கிலோ போதும் என்ற இடத்தில் ஆறு கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கிறது.

‘இவ்வளவு வீணடிக்கும் எந்திரம் எதற்கு?’ என்று கேட்கலாம். அந்த வீண்தான் நம்மைக் காக்கிறது. பளுவை ஓர் அளவு உயர்த்த நாம் 100 பங்கு வேலை செய்ததாகக் கொள்வோம். அதில் 30 பங்கு பளுவை உயர்த்தியது. 70 பங்கு உராய்வில் போயிற்று. இப்போது கையை எடுத்துவிடுகிறோம். பளு தானாகக் கீழிறங்க வேண்டுமானால், இறங்கும் வழியிலும் ஏறத்தாழ அதே உராய்வை வெல்ல வேண்டும். ஆனால் இறங்குவதால் அதற்குக் கிடைப்பது 30 பங்கு. செலவோ 70 பங்கு. எனவே அது இறங்காது. நிறுத்திய இடத்திலேயே நிற்கும். பயனுறுதிறன் 50 விழுக்காட்டுக்குக் குறைந்த எந்திரம் தானாகப் பின்வாங்காது என்பது இதிலிருந்து கிடைக்கும் விதி. வகுப்பில் உராய்வை எப்போதும் ஒரு குறைபாடாகவே எண்ணிப் பழகிய மாணவர்கள், திருகு ஜாக்கியில் அதன் மறுபக்கத்தைக் காணலாம்.

நீரின் வழி

திருகுக்கு வெகுகாலம் ஓர் இடர் இருந்தது. புரிகளைக் கையால் வெட்டினார்கள். ஒன்றைப் போல் மற்றொன்று அமையவில்லை. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஆம் ஆண்டையொட்டிச் செப்பமான திருகு வெட்டும் கடைசல் எந்திரத்தை உருவாக்கினார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் புரிகளுக்குப் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வேறோர் அளவை முன்வைத்தார். ஒரு நட்டு தொலைந்தால் வேறொரு நட்டைப் போடலாம் என்ற வசதி இவர்களால் வந்தது. அங்குல அளவு, மில்லிமீட்டர் அளவு என்று இன்றும் தொடரும் குழப்பத்தின் வேரும் இத்தகைய வெவ்வேறு அளவு முறைகளில் இருக்கிறது.

இதற்கிடையே ஜாக்கிக்கு இன்னொரு வழியும் திறந்தது. மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் காட்டினார். அவர் இறந்த மறு ஆண்டாகிய 1663இல் அந்நூல் வெளியாயிற்று. ஆனால் அது பயன்படும் எந்திரமாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1795இல் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிஸ்டனைச் சுற்றி நீர் கசிவதே அதில் பெரிய சிக்கல். அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையம் அதனைத் தீர்த்தது. அந்த வளையத்தைக் கண்டவர், அப்போது பிராமாவிடம் வேலை பார்த்த மாட்ஸ்லேதான் என்பர். 1851இல், ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய ரிச்சர்ட் டட்ஜன், கையில் எடுத்துச் செல்லக்கூடிய நீரழுத்த ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று லாரிகளில் காணும் பாட்டில் ஜாக்கி அதன் வழிவந்தது. நீருக்குப் பதில் எண்ணெய் நிரப்பப்பட்டிருக்கும்.

நீரழுத்த ஜாக்கியில் உராய்வு குறைவு, தூக்குவது எளிது. ஆனால் மேலே கண்ட விதியை நினைவுகூருங்கள். உராய்வு பளுவைப் பிடித்து நிறுத்தும் காவல் இங்கே இல்லை. ஒரு சிறு வால்வும் வளையங்களுமே பளுவைத் தாங்குகின்றன. வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசியும். பளு மெல்ல இறங்கும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த பாட்டில் ஜாக்கியை நம்பும் முன் இதனை மறக்கக் கூடாது.

ஸ்டெப்னி வந்த கதை

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்காகச் செய்தார். 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர், ஆனாலும் காற்று டயரால் கார் ஓடும் என்று மெய்ப்பித்தார்கள். அதன்பின் மோட்டார் ஓட்டுபவர்களுக்குப் புதிய தொல்லை பிறந்தது. சக்கரம் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்ததால், சாலையோரத்தில் உட்கார்ந்து டயரை ரிம்மிலிருந்து பிரித்து, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, மீண்டும் மாட்டிக் காற்றடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஆரக்கால் இல்லாத மாற்றுச் சக்கரம் ஒன்றை அமைத்தார்கள். காற்று நிரப்பிய டயர் பூட்டிய வளையம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கவாட்டில் இவ்வளையத்தைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு ஓட்டிச் செல்லலாம். லண்டன் வாடகைக் கார்களில் இது பரவிற்று. கடல் கடந்தும் சென்றது. பின்னர் சக்கரத்தையே முழுதாகக் கழற்றி மாற்றும் முறை வந்து அந்தக் கருவி மறைந்தது, பெயர் மறையவில்லை. நம் ஊர் ஓட்டுநர்கள் உதிரிச் சக்கரத்தை இன்றும் ‘ஸ்டெப்னி’ என்றுதான் சொல்கிறார்கள். பிரேசில் நாட்டில் வழங்கும் ‘எஸ்டெப்பி’ என்ற சொல்லும் அதே தெருவின் பெயர்தான்.

முழுச் சக்கரத்தைக் கழற்றும் முறையில்தான் நம் மூன்று கருவிகளும் ஒன்றுசேர்ந்தன. தூக்க ஜாக்கி, கழற்ற ஸ்பானர், மாற்றச் சக்கரம். 1920களில் எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த சக்கரங்கள் பரவியபோது, நாலைந்து நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வரும் நிலை ஏற்பட்டது.

பிக்அப் வண்டியில்

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தனது மாடல் டி காரின் பின்புறத்தில் சரக்குப் பெட்டி வைத்து, 281 டாலர் விலைக்குப் பிக்அப்பாக விற்கத் தொடங்கியது. 1948இல் அதன் எஃப் வரிசைப் பிக்அப்கள் வந்தன. பண்ணைக்கும் பட்டறைக்கும் ஓடும் இத்தகைய வண்டி காரிலிருந்து இரண்டு வகையில் வேறுபட்டது. ஒன்று, அதன் எடையைக் கனத்த இரும்புச் சட்டமும் ஆக்சிலும் தாங்கின. மற்றொன்று, வண்டி உயரமானது. சரக்கு ஏற்றினால் தாழும், இறக்கினால் எழும்.

காருக்கு ஏற்ற ஜாக்கி இதற்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால், முதலில் சட்டம் மட்டும் எழும். ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும். சக்கரம் தரையிலேயே நிற்கும். ஸ்பிரிங் முழுதும் விரிந்த பிறகே சக்கரம் எழும்பும். ஆக்சிலுக்கு அடியில் கொடுத்தால் ஸ்பிரிங் குறுக்கிடாது; சிறிது உயர்த்தினாலே போதும். எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலை தீர்மானித்து, அதற்கேற்ற உயரமும் தலைவடிவமும் உடைய ஜாக்கியை வைத்தது.

1950களிலும் 1960களிலும் அமெரிக்க வண்டிகளில் பம்பர் ஜாக்கி பரவலாக இருந்தது. செங்குத்தான கம்பத்தில் படிப்படியாக ஏறும் கொக்கி பம்பரைப் பிடித்துத் தூக்கும். சிறிய அடித்தட்டின் மீது உயரமான கம்பம். வண்டி சற்று நகர்ந்தாலும் சாயும். பம்பர்களின் அமைப்பு மாறி, பிளாஸ்டிக் உறைகள் வந்தபோது அது வழக்கொழிந்து, கத்தரி ஜாக்கி அதன் இடத்தைப் பிடித்தது.

கத்தரி ஜாக்கியில் ஒரு நுட்பம் உண்டு. அதன் கைகள் தரையோடு 15 பாகைக் கோணத்தில் படுத்திருக்கும்போது, 600 கிலோ பளுவைத் தாங்க அதன் திருகில் 2200 கிலோவுக்கு மேல் இழுவிசை ஏற்படும். கைகள் 45 பாகைக்கு நிமிர்ந்தால் அது 600 கிலோவாகவும், 60 பாகையில் சுமார் 350 கிலோவாகவும் குறையும். தூக்கத் தொடங்கும்போது கடினமாகவும் போகப் போக எளிதாகவும் இருப்பது இதனால்தான். சிறு காரின் கத்தரி ஜாக்கியைப் பிக்அப்பில் வைத்தால் திருகு வளைவதும் தொடக்கத்திலேயே நேரும்.

மாற்றினைத் தேடும்போது

மிகச் சிறந்த வழி, அதே வகை, அதே காலத்து வண்டியின் கருவிகளைத் தேடுவது. பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் இடங்களில் அவை கிடைக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, புரி தேயாததாகவும் திருகு வளையாததாகவும் அடித்தட்டு சமமானதாகவும் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

அது கிடைக்காவிட்டால், வேறு ஜாக்கி வாங்கும் முன் மூன்று அளவுகள் தேவை. முதலாவது, அது தாங்கும் பளு. வண்டியில் ஏற்றும் சரக்கையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டாவது, மடங்கிய நிலையில் அதன் உயரம். காற்று இறங்கிய டயரில் ஆக்சில் தரையை நெருங்கி நிற்கும். அந்த இடைவெளிக்குள் ஜாக்கி நுழைய வேண்டும். மூன்றாவது, அது எட்டும் முழு உயரம். காற்று நிரம்பிய சக்கரம் உள்ளே நுழைய அதிக இடம் வேண்டும். முன்னைய உரிமையாளர் பெரிய டயர்களைப் பூட்டியிருந்தால், தொழிற்சாலை ஜாக்கியே கூட எட்டாமற் போகலாம். குட்டையான ஜாக்கியின் கீழ் செங்கல்லை அடுக்குவது ஆபத்து. செங்கல் எச்சரிக்கையின்றி நொறுங்கும்.

இரும்புக் கழிகளைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. பிற்காலப் பிக்அப்கள் பலவற்றில் ஸ்டெப்னி சரக்குப் பெட்டிக்கு அடியில் ஒரு கம்பிவடத்தில் தொங்கும். பின்பக்கத் துளை வழியாக இக்கழிகளை நுழைத்துச் சுழற்றினால்தான் சக்கரம் கீழிறங்கும். முனை பொருந்தாத கழியால் அதை இறக்க முடியாது. ஸ்டெப்னியும் நல்ல ஜாக்கியும் இருந்தும், ஒரு கழி இல்லாமையால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஸ்பானரில் அளவுதான் முக்கியம். பழைய அமெரிக்கப் பிக்அப்கள் பலவற்றில் நட்டு 13/16 அங்குலம், அதாவது 20.6 மில்லிமீட்டர். 21 மில்லிமீட்டர் ஸ்பானர் அதில் நுழையும்; ஆனால் ஆடும். துருப்பிடித்த நட்டில் முழு வலிமையோடு அழுத்தினால் முனைகள் மழுங்கிவிடும். அரை அங்குல ஸ்டடுகளின் நட்டை இறுக்க வேண்டிய திருப்புத்திறன் பொதுவாக 135 நியூட்டன்-மீட்டர் அளவில் இருக்கும். 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரில் இது சுமார் 40 கிலோ அழுத்தம். கை நீளம் இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும். இன்னொரு செய்தி: கிரைஸ்லர் நிறுவனத்தின் 1960களின் வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி நட்டுகள் இருந்தன. வழக்கமான திசையில் திருப்பினால் அவை மேலும் இறுகும், ஸ்டட் முறியும்.

இக்கருவிகளைச் சேர்த்தபின், சமதரையில், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்த வேண்டும். அப்போது தரையின் உராய்வு சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பதும் இன்றியமையாதது. வண்டியைக் கியரில் நிறுத்தியிருப்பதே போதாதா? பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் வண்டியில் போதாது. பின்சக்கரங்கள் இரண்டும் டிஃபரன்ஷியல் வழியாக இணைந்தவை. ஒன்றைத் தூக்கிவிட்டால் அது தடையின்றிப் பின்னோக்கிச் சுழல முடியும். அதனால் தரையில் நிற்கும் மற்றொன்றும் உருள முடியும். கியர் பற்றியிருப்பது நடுத்தண்டை மட்டுமே. பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக்கைப் போட்டால், தரையில் நிற்கும் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் அது பிடிக்கும். பழைய வண்டியில் அந்தப் பிரேக்கும் தேய்ந்திருக்கலாம்.

புதிய கார்கள் பலவற்றில் இன்று ஸ்டெப்னியும் ஜாக்கியும் இல்லை; ஓட்டையை அடைக்கும் பசையும் சிறு காற்றுப் பம்பும் மட்டுமே வைக்கிறார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் பசை உதவாது. பழைய பிக்அப்பை வைத்திருப்பவர் அந்த வகையில் பேறு பெற்றவரே. கருவிகள் முழுமையாக இருந்தால் அவர் எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று: ஜாக்கி பளுவைத் தூக்கும் கருவியே தவிர, பளுவுக்குக் கீழே மனிதர் படுத்து வேலை செய்வதற்கான தூண் அன்று. திருகின் உராய்வு பளு நேராக இறங்குவதைத் தடுக்கும். பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. சக்கரத்தை மாற்றுவதற்கு ஜாக்கி போதும். வண்டிக்கு அடியில் போக வேண்டிய வேலை எதுவாயினும், அகன்ற கால்களுடைய ஜாக்கி ஸ்டாண்டுகளின் மீது வண்டியை இறக்கி நிறுத்திய பிறகே போக வேண்டும். காணாமற்போன கருவிகளின் பட்டியலில் இடம்பெறாவிட்டாலும், புதிதாக வாங்குவோர் முதலில் வாங்க வேண்டியவை இந்த ஸ்டாண்டுகளே.